ஹோல்டாஃப் குமிழைத் தொடும் முன்

கொடைக்கானலில் சர்வீஸ் கடை என்றால் மேஜையில் டிவி ரிமோட்டுகள் எப்போதும் கிடக்கும். காட்டேஜ் அறைகளின் ஈரம் ரப்பர் பட்டனுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. துடைத்த பிறகு சிக்னல் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, ஒரு டிஎஸ்ஓபி 1736 ரிசீவருக்கு 5 வோல்ட் கொடுத்து, அவுட்புட்டில் ஸ்கோப்பின் ப்ரோபை மாட்டுவேன். என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் இங்கேதான் திணறுவார்கள். திரையில் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குதிக்கும். ட்ரிகர் லெவலை எவ்வளவு திருகினாலும் நிற்காது.

லெவல் மேல் குற்றமில்லை. ஆர்சி-5 வகை ரிமோட்டில் பட்டனை அழுத்திப் பிடித்தால், 14 பிட் கொண்ட தொகுப்பு ஒன்று சுமார் 25 மில்லிசெகண்ட் ஓடும். அடுத்தது தொடங்குவது 114-ஆவது மில்லிசெகண்டில். உள்ளே இறங்குமுனைகள் எல்லாம் ஒரே மாதிரி. கட்டத்துக்கு 1 மில்லிசெகண்ட் வைத்தால் திரை 10-லேயே முடிந்துவிடுகிறது. ஸ்கோப் உடனே அகப்பட்ட முனையைப் பிடித்துக்கொள்கிறது. கட்டத்துக்கு 5 வைத்தால் படம் தானாக நிற்கும், ஆனால் பிட்டெல்லாம் நெருங்கிப் போகும்.

ஆகவே குமிழைத் தொடும் முன் இரண்டு எண் வேண்டும்: தொகுப்பின் நீளம், தொகுப்புகள் திரும்ப வரும் இடைவெளி. ஹோல்டாஃப், அதாவது ஒருமுறை ட்ரிகர் ஆனபின் அடுத்ததை ஏற்காமல் ஸ்கோப் காத்திருக்கும் நேரம், இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டும். நான் 60 மில்லிசெகண்ட் வைப்பேன். முதல் தடவை நடுவில் பிடித்தாலும் பரவாயில்லை; காத்திருப்பு முடியும்போது ஸ்கோப் வெற்றிடத்தில் நிற்கும், அடுத்து வருவது தொகுப்பின் தலைதான். டிஜிட்டல் ஸ்கோப்பில் இந்தக் கணக்கு ட்ரிகர் விழுந்ததிலிருந்து. பழைய அனலாகில் திரைக்கோடு ஓடி முடிந்ததிலிருந்து.

ஒன்று முக்கியம்: ட்ரிகர் 'நார்மலில்' இருக்கவேண்டும். 'ஆட்டோ' 114 மில்லிசெகண்ட் பொறுக்காமல் தானாக ஓடத் தொடங்கிவிடலாம். ஹோல்டாஃப் வேலை செய்யவில்லை என்ற புகாரில் பாதி இதுதான்.

இதே கணக்குக்கு இன்னொரு உதாரணமாக, நம் ஊர் சூரிய ஆய்வகத்தில் அயனி மண்டலத்தை அளந்த அயனோசோண்டையும் பையன்களுக்குச் சொல்வதுண்டு. மேலே போகும் துடிப்பு 300 கிலோமீட்டர் உயரத்தில் பட்டுத் திரும்ப 2 மில்லிசெகண்ட்; மறுபடி தரையில் பட்டு ஏறி இறங்கினால் 4. எதிரொலியும் ட்ரிகரைத் தட்டும், ஹோல்டாஃப் அதைத் தாண்டவேண்டும். ஆனால் அனுப்பும் கருவியிலிருந்தே ஒத்திசைவுத் துடிப்பு கிடைத்தால் அதை வெளி ட்ரிகரில் கொடுப்பதே மேல். பட்டனை விட்டுவிட்டு அழுத்தும்போது வருவதுபோல இடைவெளி ஒழுங்கற்றதானால், ஹோல்டாஃபை நம்பாமல் 'சிங்கிளில்' ஒருமுறை பிடித்துப் பார்ப்பேன்.