கடைக்காரர் கேட்டது எவ்வளவு? கடையில் விற்றது எவ்வளவு?



இந்த மாதப் பாடம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது. "நமக்கு எதுக்கும்மா அது?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். எவ்வளவு சரக்கு செய்வது, மூலப்பொருள் எப்போது வாங்குவது என்று திட்டம் போட பெரிய கம்பெனிகள் ஒரு மென்பொருள் வைத்திருக்கின்றன. அதற்குள் ஓடுவது நம்ம சரக்கு நோட்டுக் கணக்குதான். முதலில் நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் குழு சாம்பார் பொடி அரைத்து டவுனில் ஒரு கடைக்குப் போடுகிறது. மாதம் 60 பாக்கெட், ஒவ்வொன்றும் 100 கிராம். ஒரு ஐப்பசியில் கடைக்காரர் திடீரென்று 150 கேட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். "நம்ம பொடிக்குப் பேர் வந்துருச்சு" என்று குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் எடுத்து 300 பாக்கெட் போட்டார்கள். நானும் கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன், அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த மாதம் கடைக்காரர் ஒன்றுகூட வேண்டாம் என்றார். மழை ஈரத்தில் மிச்சப் பொடி கட்டி தட்டியது, பாதியில் வண்டு விழுந்தது. அதே மாதம் ஒரு சகோதரி மகளின் செமஸ்டர் ஃபீஸுக்குக் கடன் கேட்டார். குழுவில் பணம் இல்லை. வெளியில் அஞ்சு வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

பிறகு கடைக்குப் போய் விசாரித்தோம். ஐப்பசியில் விற்றது 65, கார்த்திகையில் விற்றது 55. வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் மாறவே இல்லை. மழையில் சரக்கு வராமல் போய்விடுமோ என்று பயந்து கடைக்காரர் முன்கூட்டியே வாங்கி அடுக்கி இருக்கிறார், அவ்வளவுதான்.

மாட்டுச் சாட்டையைப் பார்த்திருப்பீர்கள். கை லேசாக அசைந்தால் போதும், நுனி எப்படி வீசி அடிக்கிறது! வியாபாரத்திலும் இப்படி நடப்பதை அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1958-லேயே எழுதினார். 'பேம்பர்ஸ்' என்ற குழந்தை டயப்பர் செய்யும் பிராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனி இதைக் கண்ணால் பார்த்தது. குழந்தைகள் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே அளவுதான் டயப்பர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மொத்த வியாபாரியின் ஆர்டர் ஏறி இறங்குகிறது. கம்பெனி மூலப்பொருள் வாங்கும் ஆர்டர் அதைவிட ஏறி இறங்குகிறது. இதற்குப் பெயரே 'சாட்டை விளைவு'. 1980-களின் பிற்பகுதியில் இந்தக் கம்பெனியும் வால்மார்ட் கடைகளும் ஒரு ஏற்பாடு செய்தன. கடையில் என்ன விற்றது என்ற கணக்கு கம்பெனிக்கே போய்விடும். அதைப் பார்த்துக் கம்பெனி சரக்கு அனுப்பும்.

சரி, மென்பொருள் என்ன செய்கிறது? கடையில் விற்றது, கையிருப்பு, சரக்கு தயாராக எத்தனை நாள் ஆகும், பண்டிகை வருகிறதா, இதையெல்லாம் சேர்த்து எப்போது எவ்வளவு செய்யலாம் என்று சொல்கிறது. நம்ம பொடிக்கே போட்டுப் பார்ப்போம். மாதம் 60 என்றால் நாளைக்கு 2 பாக்கெட். மிளகாய், மல்லி வாங்கி, காயவைத்து, அரைத்து, பாக்கெட் போட 10 நாள் ஆகும். அந்த 10 நாளில் 20 பாக்கெட் விற்றுவிடும். அவசரத்துக்கு 10 கூடுதலாக வையுங்கள். ஆக, கடையிலும் நம்மிடமும் சேர்த்து இருப்பு 30-க்கு இறங்கும்போது அடுத்த வேலையை ஆரம்பித்தால் போதும். மழைக்காலத்தில் காய 15 நாள் ஆகிறதா? அப்போது 40-ல் ஆரம்பிக்க வேண்டும். நிலைமை மாறினால் கணக்கும் மாறுகிறது பாருங்கள். கம்பெனி கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான பொருளுக்கு இதைச் செய்கிறது. லாரி வராவிட்டால், விலை ஏறினால் என்ன ஆகும் என்றும் முன்கூட்டியே போட்டுப் பார்க்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது ஞாபகம் இருக்கும். ஓட்டல், டீக்கடை எல்லாம் மூடினார்கள். போன வருஷக் கணக்கை வைத்துத் திட்டம் போட்டவர்களுக்கு அது உதவவில்லை. பால் மட்டும் காலையும் மாலையும் கறந்துகொண்டேதான் இருந்தது. கூட்டுறவு நிறுவனங்கள் மீந்த பாலைப் பவுடராக்கின. இன்று எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை விற்றது என்ற கணக்கு அன்றன்றைக்குக் கையில் இருந்தால்தான் இப்படி முடிவெடுக்க முடியும்.

கம்ப்யூட்டர் சொன்னால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். நைக்கி என்ற செருப்பு, ஷூ கம்பெனி 2000-ல் புதிய திட்டமிடும் மென்பொருள் போட்டது. விற்காத ஷூவுக்கு ஆர்டர் அதிகமாகவும், நன்றாக ஓடும் ஷூவுக்குக் குறைவாகவும் போய்விட்டது. பத்து கோடி டாலர் விற்பனை போனதாக 2001-ல் கம்பெனியே அறிவித்தது. பழைய கம்ப்யூட்டர்களோடு புதியது ஒழுங்காக இணையவில்லை, அவசரப்பட்டுத் தொடங்கினார்கள் என்று காரணம் சொன்னார்கள். பிறகு சரிசெய்துகொண்டார்கள். பெரிய கம்பெனி, தாங்கியது. நம்ம குழுவுக்கு 10,000 ரூபாயே பெரிய அடி.

நஷ்டம் பணத்தோடு நிற்பதும் இல்லை. வண்டு விழுந்த அந்தப் பொடியில் மிளகாய்க்குப் பாய்ச்சிய தண்ணீர், மல்லிக்குப் போட்ட உரம், மில் ஓடிய கரண்டு, நம் சகோதரிகளின் உழைப்பு எல்லாம் இருந்தது. உலகில் மனிதருக்காக விளைவிக்கும் உணவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2011-ல் கணக்கிட்டது. அளவாகச் செய்தால் மிச்சப்படுவது இதுவும்தான். சுற்றுச்சூழலைக் காப்பது என்று மேடையில் பேசுவதைவிட எனக்கு இது நன்றாகப் புரிகிறது.

அந்தக் குழுவில் இப்போது சரக்கு நோட்டில் மூன்று கட்டம் போட்டிருக்கிறார்கள்: கடைக்காரர் கேட்டது, கடையில் விற்றது, இருப்பு. சனிக்கிழமை ஒருவர் கடைக்குப் போன் போட்டு நடுக் கட்டத்தை நிரப்புகிறார். ஆரம்பத்தில் கடைக்காரர் "இது என்ன தொல்லை" என்றார். அவருக்கும் பழைய சரக்கு தேங்காமல் போகவே, இப்போது அவரே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறார். போன மாதம் அவர் 100 கேட்டார். நோட்டைப் பார்த்து 70 கொடுத்தார்கள். மாதக் கடைசியில் கடையில் 8 பாக்கெட் இருந்தது.

பொருள் செய்து விற்கும் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்கள் சரக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். நடுக் கட்டம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. கடைக்காரரின் போன் நம்பரை மட்டும் மறக்காமல் எழுதி வாருங்கள், கூட்டத்திலேயே கேட்டு நிரப்பி விடலாம்.