‘வடசென்னை’ திரைப்படத்தின் வீட்டுத்திரைப் பதிப்பும் பாட வேறுபாட்டுச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

திரையரங்கில் வெளியான ஒரு படம் தொலைக்காட்சி, குறுவட்டு, ஓடிடி தளம் ஆகியவற்றின் வழியாக வீட்டிற்கு வரும்போது அதே படமாகவே வருகின்றது என்னும் எண்ணம் திரைப்பட ஆய்வுகளில் பொதுவாக நிலவுகின்றது. வெற்றிமாறன் இயக்கிய ‘வடசென்னை’ (2018) இவ்வெண்ணத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தச் செய்யும் படமாகும். சுவடிப் பதிப்பில் தமிழறிஞர்கள் கையாண்ட பாட வேறுபாட்டு நோக்கினைத் திரைப்படத்திற்கும் பொருத்திக் காண்பதன் தேவையை இக்கட்டுரை ஆராய்கின்றது.

முதன்மைச் சொற்கள்: வடசென்னை, வீட்டுத்திரை, பாட வேறுபாடு, தணிக்கை, சென்னைத் தமிழ்

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல், ஒரு நூலை ஆராய்வோர் ‘எந்தப் பதிப்பு? எந்தப் பாடம்?’ என்று வினவுவது தமிழாய்வின் அடிப்படை ஒழுங்காக அமைந்தது. ஒரே அடிக்குச் சுவடிதோறும் வேறு சொற்கள் காணப்படின், ஒன்றை ஏற்றுப் பிறவற்றை அடிக்குறிப்பில் தருதல் பதிப்பாசிரியரின் கடமையாயிற்று. ஆனால் திரைப்படத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் தமிழாய்வாளர் படத்தின் பெயர், இயக்குநர், ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். எந்த வடிவத்தைக் கண்டு எழுதினர் என்பது கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொடரும் வடசென்னைக் கடற்கரைப் பகுதியின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஒரு குற்றப் படத்தில் இக்குறை எத்தகைய விளைவை ஏற்படுத்தும் என்பதை இங்குக் காணலாம்.

படமும் அதன் நிலப்பின்னணியும்

‘வடசென்னை’ 2018 அக்டோபர் 17 அன்று ‘ஏ’ சான்றிதழுடன் திரையரங்குகளில் வெளியானது. தனுஷ், ஐஸ்வர்யா ராஜேஷ், ஆண்ட்ரியா, அமீர், சமுத்திரக்கனி, கிஷோர் ஆகியோர் நடித்த இப்படத்திற்குச் சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். வேல்ராஜ் ஒளிப்பதிவு செய்தார். கேரம் ஆட்டக்காரனான அன்பு என்னும் இளைஞன் இரு குழுக்களின் பகைக்குள் இழுக்கப்படுவது கதையின் மேற்பரப்பு. அதன் அடியில் ஓடுவது நிலச்சிக்கல். கடற்கரைக் குடியிருப்பை அகற்றிச் சாலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்த ராஜன் தன் ஆட்களாலேயே கொல்லப்படுகின்றான். பல ஆண்டுகளுக்குப் பின் அதே திட்டம் மீண்டும் வரும்போது அன்பு எதிர்த்து நிற்கின்றான்.

இப்பின்னணி முழுக்கக் கற்பனை அன்று. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கிய பின்னரும், அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே சென்னைத் துறைமுகத்தின் பொருட்டும், சரக்கு வண்டிகள் செல்லும் கடற்கரைச் சாலையை அகலப்படுத்துதல் இப்பகுதி மீனவக் குடியிருப்புகளின் அன்றாடக் கவலையாக இருந்துவந்துள்ளது. எனவே இப்படத்தைக் குற்றக் கதையாக மட்டும் படிப்பதைவிட இடப்பெயர்ச்சியின் கதையாகப் படிப்பதே பொருத்தமுடையது எனலாம்.

நீக்கப்பட்ட காட்சி

படம் வெளியான சில நாட்களிலேயே, படகில் இடம்பெற்ற நெருக்கமான காட்சி ஒன்றிற்கு மீனவ மக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. தொழிற்கருவியாகவும் வணக்கத்திற்குரியதாகவும் படகைக் கருதும் மக்கள், அதனை அவ்வாறு காட்டியதைத் தம்மை இழிவுபடுத்துவதாகக் கண்டனர். இயக்குநர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, அக்காட்சியை நீக்குவதாக அறிவித்தார். ஆகவே முதல் நாள் பார்வையாளர் கண்ட படமும் நீக்கத்திற்குப் பிந்தைய படமும் இருவேறு பாடங்களாகின்றன.

இவ்வேறுபாட்டைச் சுவடியில் நேரும் ஏடு இழப்போடு ஒப்பிடுதல் ஓரளவே பொருந்தும். செல்லரித்த ஏட்டில் இழப்பு தற்செயலாக நேர்வது. இங்கோ, படம் யாரைப் பற்றியதோ அவர்களே படத்திற்கு மறுமொழி கூறியுள்ளனர். அம்மறுமொழி படத்தின் உடலில் ஒரு வெட்டாகப் பதிந்துள்ளது. நீக்கத்திற்குப் பிந்தைய வடிவத்தை மட்டும் கண்டு ‘வடசென்னை மக்கள் இப்படத்தில் எவ்வாறு சித்திரிக்கப்பட்டுள்ளனர்’ என்று எழுதும் ஆய்வாளர், அம்மக்கள் அச்சித்திரிப்பைத் திருத்திய செயலை அறியாமலேயே எழுத நேர்கின்றது. காட்சியோடு அதற்கு எதிரான குரலும் ஆய்விலிருந்து மறைந்துவிடுகின்றது.

சட்டம் உருவாக்கும் பாடங்கள்

சான்றிதழ் பெற்ற படத்தில் பின்னர் மாற்றம் செய்யின், அதனைச் சான்றிதழ் வாரியத்திற்குத் தெரிவித்து ஒப்புதல் பெறவேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ் அமைந்து, 2024 வரை நடைமுறையில் இருந்த 1983ஆம் ஆண்டு விதிகளின் நெறியாக இருந்தது. தொலைக்காட்சியில் ‘ஏ’ சான்றிதழ்ப் படங்களை அவ்வாறே ஒளிபரப்ப இயலாது. காட்சிகளைக் குறைத்து, சொற்களை ஒலிநீக்கி, மறு சான்றிதழ் பெற்ற பின்னரே அவை வீட்டிற்கு வரமுடியும். ஓடிடி தளங்களோ சான்றிதழ் வாரியத்தின் கீழ் வாராமல், 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின் தன்னொழுங்கு முறைக்கு உட்பட்டவை. எனவே வயதுவந்தோர்க்கான எந்தக் குற்றப் படமும் திரையரங்கு, தொலைக்காட்சி, ஓடிடி என்னும் மூன்று வழிகளில் மூன்று பாடங்களாகப் பிரியும் வாய்ப்பினைச் சட்டமே ஏற்படுத்துகின்றது. 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைம் தளத்தில் நேரடியாக வெளியான பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ போன்ற படங்களுக்கு வீட்டுத்திரை வடிவமே முதற்பதிப்பு என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மொழியாய்வின் இழப்பு

தொலைக்காட்சிப் பாடத்தில் மிகுதியும் இழக்கப்படுவது மொழி. சென்னைத் தமிழின் வசைச்சொற்களும் குழூஉக்குறிகளும் ஒலிநீக்கத்திற்கு முதலில் இரையாகின்றன. துறைமுகமும் ஆலைகளும் பல மொழியினரை ஒன்றுசேர்த்த வரலாறு இச்சொற்களில் படிந்துள்ளது. தெலுங்கு வழிவந்த ‘நைனா’, உருது வழிவந்த ‘பேஜார்’, வடமொழி வழிவந்த ‘கஸ்மாலம்’ ஆகியன சென்னைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்கக்கூடியவை. ஒலிநீக்கிய பாடத்திலிருந்து சொற்களைத் திரட்டும் மொழியாய்வாளர், தணிக்கை விட்டுவைத்த தமிழையே திரட்டுகின்றார்.

ஓடிடி வடிவத்தில் இதற்கு மாறான சிக்கல் எழுகின்றது. அங்குத் திரையடி ஆங்கில வரிகள் படத்தோடு ஒட்டிவருகின்றன. இவ்வரிகள் உரையாசிரியரின் பணியையே செய்கின்றன. பல பொருள் தரும் சொல்லுக்கு ஒரு பொருளைத் தேர்ந்து நிலைநிறுத்துகின்றன. ‘நைனா’ என்பதைத் தந்தை என்று மட்டும் பெயர்ப்பின், அச்சொல்லின் தெலுங்கு உறவும் பேட்டை வாசனையும் மறைந்துபோகின்றன. உரையை மூலமாகக் கொள்ளலாகாது என்னும் பழைய எச்சரிக்கை இங்கும் பொருந்துவதாகும்.

பிற நாட்டு ஒப்பீடு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரக் குற்ற வாழ்வைச் சித்திரித்த ‘தி வயர்’ (2002–2008) தொடரின் இரண்டாம் பருவம் துறைமுகத் தொழிலாளரைப் பற்றியது. 4:3 சட்டகத்தில் எடுக்கப்பட்ட இத்தொடர், 2014 இறுதியில் 16:9 அகலத்திற்கு மாற்றப்பட்டு, 2015இல் புளூ-ரே வட்டாக வெளியானது. சட்டகம் அகன்றதால் சில காட்சிகள் நலம் பெற்றன, சில தம் செறிவை இழந்தன என்று அதனை உருவாக்கிய டேவிட் சைமன் வெளிப்படையாக எழுதினார். படைப்பாளரே பாட வேறுபாட்டைப் பதிவுசெய்தமையால், பின்வரும் ஆய்வாளர்க்கு அது ஒரு பதிப்புரையாக உதவுகின்றது. தமிழ்ப் படங்களின் வீட்டுத்திரைப் பதிப்புகளில் இத்தகைய பதிப்புரை அரிது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. வீட்டுத்திரை வடிவம் திரையரங்குப் படத்தின் வெறும் படியாகாது; அது தனிப் பதிப்பு. எனவே திரைப்படத்தை மேற்கோளாகக் கொள்வோர் கண்ட ஊடகம், கண்ட நாள், ஓடும் நேரம், சான்றிதழ் வகை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும்.

2. சான்றிதழ் வாரிய ஆவணங்களும் வெளியீட்டுக் காலச் செய்தித்தாள்களும் திரைப்படப் பாட ஆய்வின் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை.

3. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வழங்கப்பட வேண்டும். திரைப்படம் அச்சட்டத்தில் அடங்கவில்லை. திரைப்படத்தின் பல்வேறு பாடங்களைக் காக்கும் இத்தகைய பொது ஏற்பாடு இன்றியமையாதது.

நீக்கப்பட்ட காட்சியை மீண்டும் மக்கள் முன் திரையிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. தம்மைப் பற்றிய சித்திரிப்பை மறுக்கும் உரிமை காசிமேட்டு மீனவருக்கு உண்டு. அம்மறுப்பு மதிக்கப்பட்டதும் முறையே. ஆயினும் மறுக்கப்பட்டது எது என்பதற்கான சான்று ஆவணக் காப்பகத்தில் இருந்தால்தான், மறுத்தவர்களின் குரலுக்கும் வரலாற்றில் இடம் இருக்கும்.