அலுவலக மென்பொருளும் அரசு ஆவணங்களும்

தட்டச்சுப் பொறியை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால், அதில் அடிக்கப்பட்ட கடிதம் அலுவலகத்துக்கே சொந்தம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதை எவரும் படிக்கலாம். கணிப்பொறியில் எழுதப்படும் கடிதத்தின் நிலை அத்தகையதன்று. வணிக மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் உண்டு. அண்மைக் காலத்தில் அது பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவாகவே வசூலிக்கப்படுகிறது. மூலதனச் செலவாக இருந்தது தொடர் செலவினமாக மாறிவிட்டது எனலாம்.

இதற்கு மாற்றாக நன்கு அறியப்பட்டது லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருள் தொகுப்பாகும். ஜெர்மன் நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஸ்டார் ஆபீஸை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000-இல் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. இவ்வாறு பிறந்ததே ஓப்பன் ஆபீஸ். 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குச் சென்றதும், தன்னார்வ வல்லுநர்கள் தனியே பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். நிறுவனம் கைமாறியபோதும் பணி நின்றுபோகாமைக்குக் காரணம், மூலநிரல் எவர் கையிலும் பூட்டப்படாமல் இருந்ததே.

திறந்த மூலம் என்றால் செலவே இல்லை என்று கருதுவது பிழை. உரிமக் கட்டணம் இல்லையே தவிர, பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பழைய கோப்புகளை மாற்றுவதற்கும் செலவு உண்டு. கடிதங்கள் பொதுவாக எளிதில் மாறிவிடும், இடர்ப்பாடு விரிதாள்களில்தான். கணக்குப் பிரிவினர் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த மேக்ரோ நிரல்கள் புதிய மென்பொருளில் அப்படியே இயங்குவதில்லை. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் திறந்த மூலத்துக்கு மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றியபின், 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது.

ஆயினும் பிரச்சினையின் உயிர்நாடி விலையன்று, கோப்பு வடிவமே. ஒரு நிறுவனம் மட்டுமே அறிந்த வடிவத்தில் நில ஆவணமோ ஓய்வூதியக் கணக்கோ சேமிக்கப்பட்டால், அதைத் திறக்கும் சாவியும் அந்நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. மாறுவதற்கான செலவு ஆண்டுதோறும் பெருகி, வாங்குவோரின் பேரம் பேசும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். இந்திய மொழிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துரு முறையைப் புகுத்திய காலத்து ஆவணங்களைக் கையாண்டோர்க்கு இது புதிதன்று. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

ஓ.டி.எஃப். எனப்படும் திறந்த ஆவண வடிவம் 2006-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அக்கோப்பு ஒரு சுருக்கப்பட்ட பொதி. அதைப் பிரித்தால் உள்ளே உரை எக்ஸ்.எம்.எல். வடிவில் வெளிப்படையாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் முன்வைத்த மற்றொரு வடிவம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, இந்தியா 2007-இல் எதிர்த்து வாக்களித்தது. 2008-இலும் அந்நிலையை மாற்றவில்லை. எனினும் அவ்வடிவமும் அவ்வாண்டே தரமாக ஏற்கப்பட்டது. 2010-இல் மத்திய அரசு, மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கையை வெளியிட்டது.

மாறுதல் வெற்றி பெற்றதற்குக் கேரளப் பள்ளிகள் நல்ல சான்று. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்னர் கட்டற்ற மென்பொருளையே கற்பித்தலுக்கு அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியர்களுக்குப் பெருமளவில் பயிற்சி அளிக்கப்பட்டது. பாடநூலும் அம்மென்பொருளைக் கொண்டே எழுதப்பட்டது. மென்பொருளை நிறுவிவிட்டு ஊழியர்களைக் கைவிடும் வழக்கமான முறைக்கு இது நேர்மாறானது.

2015 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுக் கொள்கை, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே திறந்த மூல மென்பொருளையும் பரிசீலிக்குமாறு விதிக்கிறது; அதை விலக்கினால் வழங்குவோர் காரணம் காட்ட வேண்டும். சிறப்புத் துறைகளுக்கும் அவசரத் தேவைகளுக்கும் விலக்கு உண்டு. ‘ஊழியர்களுக்குப் பழக்கமானது’ என்ற ஒற்றை வரியே காரணமாக எழுதப்பட்டால் விதி ஏட்டளவில் நின்றுவிடும். ஐந்தாண்டுச் சந்தா ஒருபுறமும், பயிற்சி, பராமரிப்பு, கோப்பு மாற்றம் ஆகியவற்றின் செலவு மறுபுறமுமாக ஒரே தாளில் கணக்கிட்டுக் காட்டும்படி கொள்முதல் அலுவலர் கேட்பது விதிக்கு முற்றிலும் உட்பட்டதே.