உயிர்ச்சுவடியில் இடைச்செருகல்

ஏட்டில் பிற்காலத்தார் புகுத்திய அடிகளை இடைச்செருகல் என்பர். நம் மரபணுத் தொகுதியிலும் அத்தகையன உள. கோடிக்கணக்கான ஆண்டுகளில் முன்னோர் உடலிற் புகுந்து, வழிவழி வந்த வைரசுகளின் எச்சம் அதில் ஏறத்தாழ 8 விழுக்காடு. பெரும்பாலானவை செயலற்றவை, ஒன்று நஞ்சுக்கொடி உருவாகத் துணைநிற்கிறது. ‘கே’ வகை எச்சமோ மார்பகப் புற்றணுக்கள் பலவற்றில் விழித்தெழுந்து புரதம் ஆக்குகிறது. அது நோயின் காரணமா, விளைவா என்பது இன்னும் துணியப்படவில்லை.

ஆயின் ஒன்று துணிபு: தொடக்கத்திலேயே கண்டறியின் இந்நோயைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். உடன்பிறந்தாளைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்தது. வருசநாட்டு மலையூர்களிலோ கட்டியை நாணி மறைப்போர் இன்னும் உளர். மாணவியரே, அவ்வன்னையர்க்கு எடுத்துரைக்க வேண்டியவர் நீவிரே.