மண்ணின்றிக் கீரை வளர்த்தல்: தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

செடி வளர மண் வேண்டும் என்பது உழவர்கள் யாவரும் அறிந்தது. ஆயினும் மண்ணிடமிருந்து செடி பெறுவன யாவை என ஆராய்ந்தால், அவை நான்கே: நீர், அதில் கரைந்த சத்துக்கள், வேருக்குக் காற்று, நிற்பதற்குப் பிடிப்பு. இந்நான்கையும் வேறு வழியில் அளிக்க இயலுமாயின் மண்ணின்றியும் பயிர் விளையும். இதுவே ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் மண்ணில்லாப் பயிர்முறை. 1930-களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பார் இதனைப் பரப்பினார். நம் நாட்டில் 1946-இல் ஷோல்டோ டக்ளஸ் என்பார் வங்காளத்துக் காலிம்போங்கில் இம்முறையைக் குறைந்த செலவில் செய்து காட்ட முற்பட்டார்.

கொல்லை இல்லாத வீட்டிலும், நிலம் உவர்ப்பட்ட ஊரிலும் இம்முறையால் கீரை பெறலாம். தொடக்கத்திலேயே விலையுயர்ந்த குழாய்களும் மோட்டாரும் வாங்குதல் வேண்டுவதில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக் கிராட்கி என்பார் விளக்கிய முறைக்கு மின்சாரமே தேவையில்லை. மூடியுள்ள ஒரு வாளி போதும்.

வாளியை அமைத்தல்

ஒளி புகாத 10 லிட்டர் வாளியின் மூடியில் 5 செ.மீ. அகலத்தில் இரண்டு துளைகள் இடுக. அடியிலும் பக்கங்களிலும் ஓட்டைகள் உள்ள சிறு கிண்ணங்களில் கழுவிய தேங்காய் நாரை நிரப்பி, பாலக் கீரை விதைகளை இரண்டிரண்டாக ஊன்றி, ஈரம் காயாது காத்து வருக. மூன்று நான்கு இலைகள் விட்டு, வேர் வெளியே தெரிந்ததும் கிண்ணங்களைத் துளைகளில் பொருத்துக. அப்போது கிண்ணத்தின் அடிப்பகுதி மட்டும் நீரில் தோய்ந்திருத்தல் வேண்டும்.

உவர்நீர் இதற்கு ஆகாது. சேமித்த மழைநீர் சிறந்தது. மண்ணில்லாப் பயிருக்கென விற்கப்படும் ‘ஏ’, ‘பி’ உரங்களைக் குறிப்பிட்ட அளவில் இடுக. ஒன்று முழுதும் கரைந்த பின்னரே மற்றதைச் சேர்த்தல் வேண்டும். அடர்த்தியாக ஒன்றுசேர்த்தால் சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் கூடி அடியில் படிந்துவிடும். நீரின் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருப்பது நன்று.

யூரியாவையோ சாணக் கரைசலையோ இடலாமா என்ற கேள்வி எழும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே அவற்றைப் பயிர் உண்ணத்தக்கதாக மாற்றுகின்றன. வாளி நீரில் அவ்வேலை போதிய அளவு நடவாது. சாணம் அழுகி, வேருக்குரிய உயிர்வளியையும் தீர்த்துவிடும்.

வேருக்குக் காற்று

தொடங்குவோர் பெரிதும் தவறுவது இங்கேதான். செடி குடிக்கக் குடிக்க வாளியில் நீர் இறங்கும். மேலே வெளிப்படும் வேர்கள் ஈரக் காற்றை உட்கொள்ளும். கீழ்வேர்கள் நீரைப் பருகும். நீர் குறைந்ததே எனக் கருதி மீண்டும் விளிம்புவரை நிரப்பினால், காற்றுக்குப் பழகிய வேர்கள் மூச்சுத் திணறிச் செடி வாடும். வாட்டத்தைத் தாகம் என எண்ணி மேலும் ஊற்றினால் செடி மடியும். அறுவடைக்கு முன் நீர் தீரும் நிலை வந்தால், வாளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் சத்துநீர் ஊற்றுக.

கோடையில் நீர் சூடேறினால் அதிலுள்ள உயிர்வளி குறைந்து வேரழுகல் தோன்றும். ஆகவே காலை வெயில் பட்டு, நண்பகலில் நிழல் விழும் இடத்தில் வாளியை வைத்தல் நலம். தக்காளி, கத்தரி முதலியன மிகுந்த நீர் கேட்பவை. கீரையில் கைபழகிய பின்னர் அவற்றை முயலலாம்.

பஞ்சாயத்தின் கடமை

தேங்கிய நீர் கொசுவுக்கு இடமாகும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நன்னீரிலேயே முட்டையிடுகிறது. மூடியின் இடுக்குகளையும் துளைகளின் ஓரங்களையும் மெல்லிய துணியால் அடைத்தல் கட்டாயம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை வாரந்தோறும் பார்வையிடுதல் வேண்டும்.

பொதுப்பணத்தில் பெரிய அமைப்புகளை நிறுவுமுன், ஊரின் நீரைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி அதன் உப்பு அளவை அறிக. பின்னர்ப் பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ இரண்டு வாளிகள் வைத்து ஒரு பருவம் வளர்த்துப் பார்க்கட்டும். ஒன்றை அளவோடும் மற்றொன்றை விளிம்புவரையும் நிரப்பி வந்தால், வேருக்குக் காற்று எத்துணை இன்றியமையாதது என்பதை ஊரார் தாமே கண்டுகொள்வர்.