டிஸ்க் பிரேக் பிடித்துக்கொண்டால்

தங்கவயலில் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பிய பிரேக் ஒன்று இருந்தது. அது சுரங்கக் கூண்டின் பிரேக். சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். கூண்டு இரும்பு வடத்தில் தொங்கும். வடம் சுற்றும் பெரிய உருளையைப் பிரேக் இறுக்கி நிறுத்தும். அதை நம்பித்தான் ஆட்கள் இறங்கினார்கள்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். ஸ்டேஷன் வரை பைக். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பிரேக் சரியாக இருக்க வேண்டாமா?

டிஸ்க் பிரேக் எப்படி வேலை செய்கிறது? சக்கரத்தோடு ஒரு இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். அதன் மேல் கவ்வி உட்கார்ந்திருப்பது காலிப்பர். நாம் லீவரை அழுத்துகிறோம். பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய்க் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. பேடுகள் இரண்டு பக்கமும் டிஸ்க்கைப் பிடிக்கின்றன.

லீவரை விட்டதும் பிஸ்டனைத் திரும்ப இழுப்பது எது? ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அழுத்தும்போது அது முறுக்கிக்கொள்கிறது. விட்டதும் நிமிர்கிறது. பிஸ்டனும் ஒரு முடி அளவு பின்னால் வருகிறது. அவ்வளவு சிறிய அசைவுதான். அதனால்தான் கொஞ்சம் துரு, கொஞ்சம் மண் சேர்ந்தாலே பிஸ்டன் ஒட்டிக்கொள்கிறது. சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வரும் தூசி நம் ஊருக்குப் புதிதா என்ன?

ஒட்டிக்கொண்டால் வண்டி இழுக்காது. பெட்ரோல் அதிகம் குடிக்கும். டிஸ்க் கொதிக்கும். அதைத் தொடாதீர்கள்! சூடு ஆறியதும் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் போடுங்கள். ஒருவர் பின்பக்கத்தை அழுத்தினால் முன்சக்கரம் எழும்பும். கையால் சுற்றிப் பாருங்கள். உடனே நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது.

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றுங்கள். காலிப்பரைக் குழாயில் தொங்க விடாதீர்கள். கயிற்றால் கட்டி வையுங்கள். பேடுகளை எடுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள். அது நெஞ்சுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடையுங்கள்.

இப்போது லீவரை மெதுவாக ஓரிரு முறை அழுத்துங்கள். பிஸ்டன் கொஞ்சம் வெளியே வரும். முழுவதும் வந்துவிடக் கூடாது. பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். சுற்றிலும் தேய்த்துத் துடையுங்கள். எதற்கெடுத்தாலும் மண்ணெண்ணெய் என்பது நம் பழக்கம். இங்கே மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் ஆயில் எதுவும் வேண்டாம். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சுத்தமான பிரேக் ஆயிலைப் பிஸ்டன் ஓரத்தில் லேசாகத் தடவுங்கள்.

பிறகு பிஸ்டனைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளுங்கள். அதற்கு முன் ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே போனால் ஆயில் மேலே ஏறும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். இப்படி நாலைந்து முறை வெளியே, உள்ளே என்று செய்தால் பிஸ்டன் இலகுவாகும். காலிப்பர் நகரும் பின்களையும் பாருங்கள். பல சமயம் குற்றவாளி பிஸ்டன் அல்ல, இந்தக் காய்ந்த பின்தான்.

அப்படியும் அசையவில்லையா? கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகாதீர்கள். கீறல் விழுந்தால் ஆயில் ஒழுகும். பஞ்சர் கடைக் காற்றை அடித்தால் பிஸ்டன் குண்டு போலப் பாய்ந்து விரலை நசுக்கும். காலிப்பரைப் பிரித்து ரப்பர் மாற்ற வேண்டும். அது மெக்கானிக் வேலை.

ஆயில் வாங்கும்போது டப்பா மூடியைப் படியுங்கள். டாட் 3, டாட் 4 என்று எண் இருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துருப் பிடிக்க அதுவும் காரணம். 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

எல்லாம் பூட்டியாயிற்று. உடனே வண்டியை எடுக்காதீர்கள். முதல் அழுத்தத்தில் லீவர் வெறுமனே கைப்பிடி வரை வரும். பிரேக் பிடிக்காது! பேடு டிஸ்க்கைத் தொடும் வரை பல முறை அழுத்துங்கள். லீவர் கெட்டியானதும் மூடியைப் பூட்டுங்கள். வீட்டு முன்னால் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். பிறகு சாலைக்குப் போகலாம்.