நாள் முழுக்க உழைக்கிறவருக்கும் நடை வேண்டும்



மருந்தகத்தில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "டிரெசர் ஐயா, நாள் பூரா ஒடம்பு நோக வேலை செய்யிறவன் நான். ஆபீசுல ஒக்காந்திருக்கிறவங்களுக்குத்தானே இனிப்பு நீர் வரும்?"

நமக்கும் வரும். 2019ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. மற்ற இனத்தாரைவிட இது அதிகம்.

நம் பெரியவர்கள் பெரட்டுக்கு நடந்து போனார்கள். பால் வாளியைத் தோளில் சுமந்தார்கள். இன்று மோட்டார் சைக்கிளில் போகிறோம். செம்பனைக் குலையை டிராக்டர் இழுக்கிறது. சோறும் தேத்தண்ணியும் மட்டும் குறையவில்லை. கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். அதன்மேல் இன்னும் இரண்டு கரண்டி சீனி போட்டு, நாளைக்கு நாலு கோப்பை குடித்தால் உடம்பு என்ன செய்யும்?

ஒரு டிராக்டர் ஓட்டுநர். வயது நாற்பத்தாறு. சீனி இருப்பதைக் கண்டு மாத்திரை கொடுத்தேன். நாலு மாதத்தில், "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிட்டார். காலில் செம்பனை முள் ஏறியது; உணர்ச்சி மங்கியிருந்ததால் அவருக்கு வலிக்கவில்லை. புண் நாறிய பிறகுதான் வந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இதில் என் குற்றமும் உண்டு. மாத்திரையை எண்ணிக் கொடுத்தேனே தவிர, எப்படிச் சாப்பிடுவது, எப்படி நடப்பது என்று உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஆகவே இன்று சொல்கிறேன்.

வேலை செய்யும் தசை, இரத்தத்திலுள்ள சீனியை இழுத்து எரிக்கிறது. நடையும் ஒரு மருந்து என்பது அதனால்தான். நோயின் வாசலில் நின்ற 3,000க்கு மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தி, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் 150 நிமிட நடை, எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பு என்ற இலக்கோடு இருந்தவர்களிடையே புதிதாக நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 31 விழுக்காடுதான். சென்னையில், நம்மைப் போல் சோறு உண்பவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்விலும், உணவையும் நடையையும் திருத்தியதால் கால் பங்குக்கு மேல் குறைந்தது.

செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் விரைந்து நடங்கள். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் போதும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் சேர்ந்துவிடும்.

2. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு.

3. தேத்தண்ணியில் வாரத்துக்கு அரைக் கரண்டியாகச் சீனியைக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.

4. இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80உம் எல்லை. அதைத் தாண்டினால் சோதிக்க வாருங்கள்.

மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. நடக்கும்போது கை நடுங்கி வியர்த்தால் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள். நெஞ்சு வலித்தால் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள், இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

முப்பது வயது தாண்டியவர்கள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மருந்தகத்துக்கு வந்து ஒரு துளி இரத்தம் கொடுங்கள். வரும்போது வீட்டுக்காரரையும் வீட்டுக்காரம்மாவையும் சேர்த்தே அழைத்து வாருங்கள். சமைப்பவரும் சாப்பிடுபவரும் ஒன்றாகக் கேட்டால்தான் இந்த மருந்து வேலை செய்யும்.